ராசியான மூன்று காந்தங்கள்

2024 செப்டம்பர் 9, திங்கள்

பேப்பரில் என் படம் வந்திருக்கிறது. கையில் ஒரு குடுவை, முகத்தில் ஒரு தொலைநோக்குப் பார்வை. குடுவையில் இருப்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. போட்டோக்காரர் “கலரா ஏதாவது வேணும் மேடம்” என்று அடம்பிடித்ததால் என் மாணவி சுசித்ரா ஓடிப்போய் கேன்டீன் திராட்சை ஜூஸை ஊற்றிக் கொண்டுவந்தாள்.

தலைப்பு: ராகியிலிருந்து மருந்து, மைசூரு பெண் விஞ்ஞானி சாதனை. நான் ராகியிலிருந்து மருந்தெல்லாம் செய்யவில்லை. ராகி உமியைக் கரியாக்கி, அதில் கொஞ்சம் இரும்பு ஏற்றி, ஒரு வினையூக்கி செய்தேன். இரண்டு கார்பன் வளையங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிற வேலை அதற்கு. மருந்துக் கம்பெனிகளுக்குத் தினமும் தேவைப்படுகிற வேலை. உலகம் முழுக்க இதற்குப் பல்லேடியம் என்ற உலோகத்தைப் போடுகிறார்கள், அது தங்கத்துக்குப் பக்கத்து வீட்டு விலை. உமி சும்மா கிடைக்கிறது. சென்ற வருஷம் கட்டுரை வந்தது, இந்த வருஷம் பேப்பர்க்காரர்களுக்குத் தெரிந்தது.

ஹனூரிலிருந்து அம்மா போன் செய்தாள். “ஏங்கண்ணு, ராகில எல்லாரும் களி கிண்டுனா நீ மருந்து கிண்டறயாமா. மல்லப்பன் கடையில படிச்சுச் சொன்னாப்ல.”

அதோடு விட்டாளா? டிசம்பரில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தால் அடிவாரத்துத் தாளபெட்டாவிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே வருவதாக வேண்டியிருக்கிறாள். யார் நடப்பது? நான். வேண்டுதல் அவளுடையது, முட்டி என்னுடையது. நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணின் கால்களைக் கேட்காமல் அடகு வைக்கலாம் என்று எந்தச் சாமி சொன்னது தெரியவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

வைஷாலி என்றொரு பெண். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்டி செய்கிறாள், நேரில் பார்த்ததில்லை. இன்று மூன்றாவது மெயில். என் கட்டுரையில் சொன்னபடியே இருபத்தொரு முறை செய்துவிட்டாளாம், ஒருமுறைகூட வளையங்கள் ஒட்டவில்லையாம். கடைசியில் கேட்கிறாள்: “கட்டுரையில் நீங்கள் ஏதாவது சொல்லாமல் விட்டிருக்கிறீர்களா மேடம்?”

சுர்ரென்று வந்தது. பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வேதியியல்காரர்கள் நடுவில் ஒற்றைக் கெமிக்கல் இன்ஜினியர். பதிமூன்று வருஷம் என்னைப் பிளம்பர் மாதிரிதான் நடத்தினார்கள், பம்பு ஓடாவிட்டால் கூப்பிடுவார்கள். இப்போது நேற்று வந்த பெண் என்னிடம் ஒளித்துவைத்தாயா என்கிறாள்.

பதில் போட்டேன். பொருள்களின் தூய்மையைச் சரிபார்க்கவும், வெப்பநிலையைச் சரிபார்க்கவும், எல்லாவற்றுக்கும் முன் குடுவையை ஒழுங்காகக் கழுவக் கற்றுக்கொள்ளவும். அவளுடைய வழிகாட்டிக்கும் ஒரு காப்பி.

செப்டம்பர் 18

அந்தக் கடைசி வரி வேண்டாமோ. — போனது போனதுதான்.

செப்டம்பர் 25, புதன்

மருந்துக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். அவர்கள் கண்முன்னால் சோதனையை ஓட்டிக் காட்டினோம். 93 சதவீத விளைச்சல், அதாவது நூற்றுக்கு 93 ஒட்டிவிட்டது. எங்கள் பிரிவுத் தலைவர் சிவகுமார் சார் தானே பெற்றெடுத்த மாதிரி நின்றார்.

அவர்களிடம் சொல்லாத ஒன்று: ராசியான பீட் போட்டுத்தான் ஓட்டினோம். பீட் என்றால் குடுவைக்குள் போட்டுக் கலக்குகிற காந்தம், பெரிய கேப்ஸ்யூல் மாத்திரை அளவு, மேலே வெள்ளைப் பூச்சு. என்னிடம் மூன்று இருக்கின்றன, என் முதல் வேலையிலிருந்து கூடவே வந்தவை. தேய்ந்து, கீறி, கறுத்துப் போனவை. முதன்முதலில் ராகி உமி வேலை செய்த அன்று குடுவைக்குள் கிடந்தது அதில் ஒன்று. அதிலிருந்து ராகி ஓட்டம் எதுவானாலும் அந்த மூன்றுதான். சுசித்ராவும் அப்படியே பழகிவிட்டாள். மற்றவர்களுக்கு ஒற்றைப்படை எண், எதிரே வரும் பூனை. எங்களுக்கு இது. விளையாட்டுக்குத்தான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. நேற்று முழுக்க மாதம்மா லேபைத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். எங்கள் உதவியாளர், என் ஊர்ப்பக்கத்து ஆள். அவள் கழுவினால் கண்ணாடியே பயப்படும்.

உலைக்குக் குங்குமம், விளைச்சலை அளக்கும் ஜிசி கருவிக்குச் சந்தனம், ஹைட்ரஜன் சிலிண்டருக்குச் சாமந்தி மாலை. கேஸ் கசிந்தால் மொத்தக் கட்டடமும் சாமியிடம் போகும், அதன் தலைமாட்டில் கற்பூரம் ஏற்றப் பார்த்தார்கள், பிடுங்கிவிட்டேன். சிவகுமார் சார் வாசலில் பூசணிக்காய் உடைத்தார். மூன்று முனைவர் பட்டங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டன. நான் பொரியும் கடலையும் மட்டும் வாங்கிக்கொண்டேன், அறிவியலுக்கு விரோதமில்லாதது.

அக்டோபர் 15, செவ்வாய்

விளைச்சல் பூஜ்யம்.

அக்டோபர் 17

பூஜ்யம். புது உமி, புது இரும்பு உப்பு. பூஜ்யம்.

லேபில் ஒரு கட்சி, குங்குமம் உலைக்குள் விழுந்து வினையூக்கியைக் கெடுத்துவிட்டது என்கிறது. இன்னொரு கட்சி, நான் கும்பிடாததால் என்கிறது. இரண்டாவது கட்சியில் சிவகுமார் சாரும் இருக்கிறார் என்று சந்தேகம்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஏழாவது பூஜ்யம். இன்று சுசித்ராவிடம் கத்திவிட்டேன். நாலு வருஷமா இங்க இருக்கே, ஒரு குடுவைய ஒழுங்கா கழுவத் தெரியாதா உனக்கு? — அவள் புகையை உறிஞ்சும் ஃப்யூம் ஹூடு பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது.

வாயை விட்டு வந்த பிறகுதான் காதில் விழுந்தது. இதே வாக்கியத்தை எங்கோ எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

சுசித்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல மேடம்” என்றாள், முகம் அப்படிச் சொல்லவில்லை. பிறகு அவளே, “எதுக்கும் ராசி பீட் போட்டுப் பார்க்கட்டுமா? பண்டிகைக்கு அப்புறம் அத நான் பார்க்கவே இல்ல, கைக்கு வந்த பீட்தான் போட்டேன்” என்றாள்.

டப்பாவைத் திறந்தேன். பளபளவென்று மூன்று புதுப் பீட்.

மாதம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஒளிக்கவில்லை. “அதுங்களா மேடம்? கரி அப்பிக் கெடந்துச்சு. பண்டிக நாளும் அதுவுமா கருப்பு எதுக்குன்னு ஸ்டோர்ல புதுசு வாங்கிப் போட்டனுங்க.” பழையது? “என்ற ஊட்டுல இருக்குது. நல்ல காந்தமாட்ட இருந்துச்சு, பிரிட்ஜுல ஒட்டி வெச்சிருக்கேன்.”

சுசித்ராவின் ஸ்கூட்டரில் மாதம்மா வீட்டுக்குப் போனோம். பிரிட்ஜ் கதவில் ஒன்று கேஸ் ரசீதைப் பிடித்துக்கொண்டிருந்தது, மற்ற இரண்டும் மாதேஸ்வரன் படத்தை, மேலே ஒன்று கீழே ஒன்றாக. படம் விழக் கூடாதென்று மாதம்மா வீட்டிலிருந்த பிளாஸ்டிக் பூப்போட்ட காந்தத்தை மாற்றாகக் கொடுத்துவிட்டுத்தான் எடுக்கவிட்டாள்.

அக்டோபர் 25, வெள்ளி

பழைய பீட், ராகி வினையூக்கி. 92.

எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. சுசித்ரா குதிக்கவில்லை. குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மேடம், ராகி போடாம, பழைய பீட் மட்டும் போட்டு ஒருதடவை ஓட்டலாமா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து: 91.

அக்டோபர் 26

ராகி களிக்கு. ராகி களிக்கு மட்டும்.

அக்டோபர் 28, திங்கள்

ஒரு பீட்டைத் தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்தில் ஊறவைத்து, அந்தத் திராவகத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தேன். முடிவு வந்தது. பல்லேடியம்.

என் முதல் வேலையில் ஏழு வருஷம் பல்லேடியத்தில்தான் புரண்டேன். பீட்டின் கீறல்களுக்குள் அது போய் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும் அதற்கு. நாங்கள் ‘பல்லேடியமே இல்லை’ என்று உலகத்துக்குச் சொன்ன ஒவ்வொரு முறையும் அதுதான் வேலை பார்த்திருக்கிறது. இரும்பும் ராகியும் சும்மா சுற்றி வந்திருக்கின்றன.

அப்படியானால் வினையூக்கி இல்லாமல் ஓட்டிப் பார்த்தபோது ஏன் ஒன்றும் நடக்கவில்லை? கட்டுரைக்காக அதையும் செய்தோமே. — செய்தோம். பூஜ்யம்தான் வரப்போகிறது, அதற்கெதற்கு ராசியான பீட் என்று புதுசு போட்டு ஓட்டினோம். நான்தான் சொன்னேன். நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘புது பீட் போதும்.’

பூசணிக்காய் உடைத்தவர்களைப் பார்த்துச் சிரித்தேன் அல்லவா. அவர்களுடைய ராசி யாரையும் ஏமாற்றவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

சிவகுமார் சாரிடம் சொன்னேன். அவர் பெயரும் கட்டுரையில் இருக்கிறது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எங்களுக்குள் கன்னடம்தான், அவர் சொன்னதன் சாரம் இது: “டிசம்பர் அஞ்சு உனக்கு இண்டர்வியூ. அது முடியட்டும். அப்புறம் ‘சிறு திருத்தம்’னு நாலு வரி போட்டுக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம் இப்ப?”

கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். நானும் அந்த அறையில் தைரியமாக ஒன்றும் இருக்கவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாருக்கும் நஷ்டமில்லைதானே? ஒரே ஒரு மாசம்.

நவம்பர் 2, சனி

தீபாவளிக்கு ஹனூர். அம்மாவிடம் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. பணியாரத்தைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள். எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், முட்டாள்.

“ஏன் சொர்ணம், மாதேஸ்வரன நம்பாதவ ஒரு காந்தத்துக்குப் போயி ராசி பார்த்தயா?” என்று சிரிக்க ஆரம்பித்தவள்தான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்து வீட்டுச் சித்தம்மாவைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னாள்.

நவம்பர் 5, செவ்வாய்

வைஷாலியின் நினைப்பு விடவில்லை. இருபத்தொரு முறை. அவளிடம் ராசியான பீட் இல்லை, அவள் பல்கலைக்கழகத்தில் எல்லாம் புதுசு. அவளுடைய இருபத்தொரு பூஜ்யங்களும் சரியான விடை.

மெயில் போட்டேன், திரும்பி வந்தது. அந்த முகவரியே இல்லை என்கிறது. அவளுடைய வழிகாட்டிக்குப் போன் செய்தேன். உற்சாகமான குரல். “வைஷாலியா? போன மாசமே நின்னுட்டாங்க மேடம். உங்க மெயில குரூப் மீட்டிங்ல திரையில போட்டுக் காட்டினேன், எல்லாரும் கத்துக்கணும்னு. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் வந்தாங்க, அப்புறம் வரல. கை சுத்தமில்ல மேடம், என்ன பண்றது?”

நம்பர் வாங்கினேன். கூப்பிடவில்லை. திரையில் போட்டிருக்கிறான். என் வாக்கியத்தை, என் பெயரோடு, அவள் உட்கார்ந்திருக்கும்போது. இதைச் செய்தது நான்.

நவம்பர் 6, புதன்

கூப்பிட்டேன். பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறையில் சாம்பிள் பார்க்கிற வேலையில் இருக்கிறாளாம். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. நான் யார் என்று சொன்னேன். “சொல்லுங்க மேடம்” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பீட், பல்லேடியம், 91. முடித்ததும் கேட்டாள்:

“அப்ப நான் குடுவைய நல்லாத்தான் கழுவியிருக்கேனுங்களா?”

“ரொம்ப நல்லா கழுவியிருக்கீங்க.”

“அத எழுத்துல தருவீங்களா மேடம்?”

பதிலுக்குக் காத்திராமல், “லாரி வந்து நிக்குது, சாம்பிள் எடுக்கோணும். வெச்சிரட்டுங்களா?” என்று வைத்துவிட்டாள்.

யாருக்கு என்ன நஷ்டம் என்றாரே சிவகுமார் சார். போய்ச் சொல்லவேண்டும்: பெருந்துறையில் ஒரு லாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது சார்.

நவம்பர் 8, வெள்ளி

எழுத்தில் கொடுத்துவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று பத்திரிகைக்குக் கடிதம். காரணம் ஒளிக்காமல்: பீட், கீறல், பல்லேடியம், புது பீட் போதும் என்று சொன்னது நான். கடைசிப் பத்தியில், ‘இம்முடிவை முதலில் சரியாகக் கண்டவர் வைஷாலி; அவருடைய சோதனைகளில் குறையேதும் இல்லை.’ ஒரு காப்பி வைஷாலிக்கு, ஒரு காப்பி அந்தத் திரைக்காரனுக்கு.

சுசித்ராவின் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் போகிறது, அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும். அவளிடம் முதலில் கேட்டேன். “அந்த ஓட்டத்தை ஓட்டச் சொன்னதே நான்தானே மேடம்” என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டு பாத்ரூமுக்குப் போய் நிறைய நேரம் வரவில்லை. சிவகுமார் சாரும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மேசைமேல் எறிந்தார்.

டிசம்பர் 5, வியாழன்

இண்டர்வியூ. ஐந்து பேர், முந்திரி பிஸ்கட், குளிர்ந்த காப்பி.

“உங்களுடைய முக்கியமான சாதனை எது?”

“திரும்ப வாங்கிட்டேன் சார்.”

யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. விவரமாகச் சொன்னேன். ஓரத்தில் இருந்த பெரியவர், “அப்போ ராகியை வெச்சு இனிமே என்ன பண்ணுவீங்க?” என்றார். “களி சார்.” அவர் ஒருவர் சிரித்தார். மற்ற நால்வரும் தாளில் ஏதோ எழுதினார்கள்.

டிசம்பர் 23, திங்கள்

பட்டியலில் நான் இல்லை. எனக்கு நாலு வருஷம் இளையவர் இருக்கிறார்.

தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் வலித்தது. வண்டியை எடுத்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், ஆற்றங்கரையில் வண்டிமேலேயே உட்கார்ந்து அழுதேன். டூரிஸ்ட் பஸ் கும்பல் ஒன்று வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

அம்மாவிடம் சொன்னதற்கு ஒரு உச்சுக்கொட்டல். பிறகு, “வேண்டுதல அடுத்த வருசத்துக்கு மாத்தி வெச்சுட்டேன் கண்ணு. நீ அதுக்குள்ள கொஞ்சம் எளைச்சுக்கோ.”

2025 பிப்ரவரி 12, புதன்

திரும்பப் பெற்ற அறிவிப்பு வெளியாகிவிட்டது. கட்டுரையைப் படித்தவர்களைவிட இதைப் படிப்பவர்கள் அதிகம். ஜப்பானிலிருந்து ஒருவர் தன் லேபின் எல்லாப் பழைய பீட்களையும் தூக்கி எறிந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். ‘ராகியிலிருந்து மருந்து’ போட்ட பேப்பர் மட்டும் மூச்சு விடவில்லை.

மூன்று மாசம் முகம் கொடுக்காத சிவகுமார் சார் இன்று கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து, என் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

ஒரு சின்னத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ‘பல்லேடியம் இல்லை’ என்று சொல்லிக்கொள்ளும் கட்டுரைகளை எடுத்துச் சுத்தமாகத் திரும்பச் செய்து பார்ப்பது. எத்தனை எதிரிகள் கிடைப்பார்கள் என்று எண்ணினேன், பதினொன்றில் நிறுத்திக்கொண்டேன். ஒரு ஆள் எடுக்கலாம். சம்பளம் சுமார், பிஎச்டி பதிவையும் இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

விளம்பரத்தை, அந்தப் பதினொரு கட்டுரைகளின் பட்டியலோடு வைஷாலிக்கு அனுப்பினேன்.

மார்ச் 31

பதில் இல்லை. ஏன் வரவேண்டும்?

ஏப்ரல் 9, புதன்

ஒரே வரி. “எதைச் சோதிக்கணும், எப்படிச் சோதிக்கணும்னு யார் முடிவு பண்றது?”

“நீங்கள்” என்று எழுதினேன். அழகாக இரண்டாவது வாக்கியம் ஒன்று எழுதி, அழித்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

வைஷாலி வந்தாள். தேர்வுக் குழுவில் நான் உட்காரவில்லை, நேரில் பார்ப்பது இதுதான் முதல்முறை. நான் நினைத்ததைவிட உயரம், நான் நினைத்ததைவிடச் சின்னவள். தோள்பையிலிருந்து ஒரு டப்பா எடுத்து மேசைமேல் வைத்தாள், சீல் பிரிக்காத புதுப் பீட்கள், சாயப்பட்டறைச் சம்பளத்தில் வாங்கியவை. “தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்க லேப்ல இருக்கறதத் தொட மாட்டேனுங்க.” மாதம்மா எனக்குப் பின்னால் நின்று சிரிப்பை முழுங்கினாள். சுசித்ரா முழுங்கவில்லை.

காப்பி வந்தது. சோதிக்கவேண்டிய கட்டுரைகளின் பட்டியலைக் கேட்டேன். அச்சடித்தே கொண்டுவந்திருந்தாள். “பதினொண்ணு சொன்னீங்க, நான் பன்னெண்டு ஆக்கிட்டேனுங்க. புதுசா சேர்த்தத முதல்ல வெச்சிருக்கேன்.”

முதல் வரிசையில் இருந்தது 2019-ல் ‘பல்லேடியம் இல்லை’ என்று சொல்லி, அதே பழைய பீட்களை வைத்து நான் எழுதியது. நான் மட்டும், வேறு பெயரே இல்லாமல். நான் பிளம்பர் இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான். இந்த ஏழு மாசத்தில் அதைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை என்று இந்த நோட்டிலாவது பொய் எழுதக் கூடாது. தோன்றியது. தோன்றும்போதெல்லாம் எழுந்து போய் வேறு வேலை பார்த்தேன்.

“இதுல ஆரம்பிக்கலாமுங்களா?” என்று கேட்டாள். குரலில் பழிவாங்கல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

2019 நோட்டுகள் பீரோவின் மேல்தட்டில் இருந்தன. ஏணி போட்டு, தூசி தட்டி, ஐந்தையும் இறக்கிக் கொடுத்தேன்.